பெருவிரல் வைத்தால் தெரியும்

மண்டபம் தென்கடல் இறங்குதளம்.
காலை ஒன்பது ஐம்பது.
கம்பெனிக்குத் தரம் பார்க்கிற ஆள் நான்.
பெட்டிக்குப் பத்துச் சாளை எடுத்து
அடிவயிற்றில் பெருவிரலை அழுத்துவேன்.
எதிர்த்துத் தள்ளினால் முதல் ரகம்.
விரல் உள்ளே போய்விட்டால்
அதற்கு மேல் பேச்சில்லை.

இன்று சீனி நைனாவின் படகு
நாலு மணி நேரம் பிந்தி வந்தது.
ஃபேன் பெல்ட் அறுந்து
முயல்தீவுக்கு வெளியே மிதந்தார்களாம்.
ஏற்றிப்போன ஐஸ்
விடியுமுன்னே தண்ணீர்.
அறுபத்திரண்டு பெட்டி.
மேலுக்குப் பார்த்தால் குறை சொல்ல முடியாது,
கண் தெளிவு, செவுள் சிவப்பு.
விரல் வைத்தேன்,
நகம் மறைந்தது.

"நல்லா கொழுத்த மீனுக்கா,
வயிறு முட்டத் தின்னது" என்கிறான் அருளப்பன்
பெட்டி மாற்றிக்கொண்டே.
வினையே அதுதான் என்று
அவனிடம் எப்படிச் சொல்ல?

தின்றுகொண்டிருக்கும்போதே வலையில் ஏறியவை இவை.
இரை விழுந்ததும் இரைப்பையில் அமிலம் ஊறும்.
தூங்கிக் கிடக்கும் பெப்சினை
அந்த அமிலம்தான் நறுக்கி எழுப்பும்.
அடுத்த அறையில் குடலோரத் திரிகளுக்குள்
காரத்தில் மட்டும் வேலை பார்க்கும் டிரிப்சின்.
மீன் செத்தது இவற்றுக்குத் தெரியாது,
போய்ச் சொல்லவும் ஆளில்லை.
கூனிப்பொடியை அறுத்து முடித்து
அடுத்தது என்ன என்று திரும்பினால்
சுவர்.
சுவரும் புரதம்தானே.

உயிரோடிருக்கும் வரை சுவருக்குக் காவல் உண்டு,
ஒரு சளிப்பூச்சு.
கரைவதும் பூசுவதுமாக ஓயாத வேலை.
உயிர் என்றால் என்னவென்று
இதற்கு மேல் நான் யோசித்ததில்லை:
பூசுகிறவன் இன்றும் வேலைக்கு வந்திருக்கிறான்,
அவ்வளவுதான்.

போன பங்குனியில் சீனி நைனா இதை நம்பவில்லை.
எல்லாம் வெயில் செய்கிற வேலை, வயிறென்ன செய்யும் என்றார்.
ஒரு பரோட்டா பார்சல் பந்தயம்.
கம்பெனி மொட்டைமாடியில் மீன்களை வைத்தேன்.
வெயிலில் கிடந்தது
லுஹர் பாங்குக்கு முன்பே வெடித்தது.
ஐஸில் புதைத்தது மறுநாள் சாயங்காலம்
லேசாகத் தளர்ந்தது.
ஐஸ் நொதியைக் கொல்லாது,
கைகளைக் கட்டிப்போடும்.
வெந்நீரில் முக்கி எடுத்ததோ கடைசிவரை வெடிக்கவே இல்லை,
நாற்றம் வேறு கதை.
கொதியில் மடிப்பு குலைந்த நொதி
ஆறினாலும் பழைய உருவுக்குத் திரும்பாது.
புளிக்காடியில் போட்டது எனக்கே பிடிபடவில்லை,
மேலே விறைப்பு, உள்ளே கூழ்.

இன்னொன்றும் வைத்திருந்தேன்.
வேறொரு பாட்டில் அகப்பட்ட ஒல்லி மீன்,
குடலில் ஒன்றுமே இல்லாதது.
அதே வெயில், அதே தகரம்.
பொழுது சாயும்வரை வயிறு கெட்டியாக இருந்தது.
நைனா அதை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.
"அப்ப பட்டினி கிடந்ததுதான் நல்ல சரக்கா?"
பார்சல் வந்தது, சால்னா இரண்டு பாக்கெட்.
கேள்வியை
அவர் திரும்ப எடுத்துப் போகவில்லை.

இப்போது நோட்டில் எழுத வேண்டும்.
வயிறு வெடிப்பு என்று முழுக்க எழுதுவதில்லை,
வ.வெ. என்று இரண்டு எழுத்து.
அறுபத்திரண்டும் மீன்மாவு மில்லுக்கு,
விலையில் மூன்றில் ஒரு பங்கு.
டீசலுக்குப் போக
பங்கு பிரிக்க என்ன மிஞ்சும் என்று
தளத்தில் எல்லாருக்கும் மனக்கணக்கு தெரியும்.
நைனா வாதாடவில்லை.
விசைப்பலகையைத் துடைப்பதுபோல்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் நெஞ்சுக்குழி எரிகிறது.
நாலரை மணிக்கு ஒரு கடுங்காப்பி குடித்தது,
அதற்குப் பிறகு அமிலம் மட்டும் வேலைக்கு வந்திருக்கிறது.
பையில் மாத்திரையைத் துழாவும்போது
"சாப்ட்டீங்களாக்கா?" என்கிறான் அருளப்பன்.

நேற்றுச் சாயங்காலம் சோற்றுப்பானை காலியானது,
பிறகு அந்தப் படகில் யாரும் ஒன்றும் தின்னவில்லை.
ஏழு பேர் வரிசையாக நின்று
பெட்டி கைமாற்றுகிறார்கள்.
பெருவிரல் வைத்தால் எதிர்த்துத் தள்ளும்,
ஏழும் முதல் ரகம்.